பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.

"மார்க் வரலேன்னா ஐ.டி.ஐ.ல சேரு" என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஃபிட்டர் பிரிவையே எடுத்துக்கொள்வோம். படிப்பு 2 ஆண்டுகள். தொடக்கத்தில் பெரிய மெஷின் எதையும் தர மாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டும் அரமும்தான். துண்டை வைஸில் இறுக்கி நாள்கணக்கில் ராவ வேண்டும். ராவிய பக்கத்தில் மூலை மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் துளி வெளிச்சம் கசிந்தாலும் "இன்னும் ராவு"தான்! வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. என்று நாம் 9-ஆம் வகுப்பில் படித்தோம். பட்டறை வெர்னியரில் 0.02 மி.மீ. வரை பார்க்கலாம். மார்க் குறைந்தவர்களுக்கான சுலப வேலையா இது?

வேலை கிடைக்குமா என்பதுதான் பெற்றோர் கவலை. சான்றிதழ் மட்டும் போதாது, தொழிற்சாலை வேகம் கைக்குப் பழக வேண்டும். அதற்குத்தான் அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகையும் உண்டு. ஆகவே சேரும் முன்பே, "இங்க படிச்சவங்க அப்ரண்டிஸுக்கு எங்க போனாங்க? ஒர்க் ஷாப்ல ஆளுக்கு ஒரு வைஸ் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் கட்டடப் படம் இதைச் சொல்லாது.

பெண்களும் ஃபிட்டரில் சேரலாம். (நம் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்!)

"அதோட படிப்பு முடிஞ்சுதா?" என்றால், இல்லை. பத்தாவது முடித்து 2 ஆண்டு ஐ.டி.ஐ.யும் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டுக்கே விண்ணப்பிக்கலாம்.