பலிபீடம் என்ற கல்லின் கீழே

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் பர்ரன் என்றொரு சுண்ணாம்புப் பாறைவெளி இருக்கிறது. மண் குறைவு, மரம் அதைவிடக் குறைவு. அதன் நடுவே, செங்குத்தாக நிற்கும் கற்களின் மேல் ஒரு பலகைக்கல், நம்மூர்க் கல்திட்டையைப் போலவே. போல்னாப்ரோன் என்று பெயர். 'துயரக் குழி' என்று பொருள் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். பிழை பெயரிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஐரிஷ் மொழியில் துயரத்துக்கும் திருகைக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. இங்கே குறிப்பது திருகைக் கல்லை. துயரம் கேட்க நன்றாக இருந்ததால் அதுவே ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவின் பெருங்கற்களைப் பற்றிய பெரும்பாலான கதைகள் இப்படிப் பிறந்தவைதான்.

நம்பிக்கை: இவை ட்ரூயிட் பூசாரிகளின் பலிபீடங்கள்.

மேசை போல் ஒரு கல்லைப் பார்த்ததும் பலி நினைவுக்கு வருவது இயல்பு. 'டால்மென்' என்ற சொல்லே பிரெத்தானி மொழியின் 'மேசை', 'கல்' என்ற இரு சொற்களிலிருந்து ஒட்டி உண்டாக்கப்பட்டதுதான். பீடக் கதைக்கு வலுவூட்டியவர்கள் ஆங்கிலேய ஆய்வாளர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை ட்ரூயிட்டுகளோடு இணைத்தார். 1740இல் வில்லியம் ஸ்டக்லி அதை ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். அன்று காலத்தை அளக்க வேறு வழியில்லை. ரோமானியர்களுக்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டால், பழைய நூல்களில் கிடைத்த ஒரே பூசாரிக் கூட்டம் அதுதான்.

ட்ரூயிட்டுகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டில். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 வாக்கில். போல்னாப்ரோன் அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. ஆஸ்டெரிக்ஸ் படக்கதையில் முதுகில் நெடுங்கல்லைச் சுமந்து திரியும் ஓபெலிக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது கி.மு. 50இல். அவர் தூக்கும் கல்லின் அசலுக்கு அப்போதே மூவாயிரம் வயதாவது ஆகியிருக்கும். போதாக்குறைக்கு, ட்ரூயிட்டுகளைப் பற்றி எழுதிய ரோமானியர்கள் அவர்களை மரத்தோப்புகளோடுதான் சேர்த்துப் பேசினார்கள்.

இன்னொன்றும் உண்டு. போல்னாப்ரோனின் மேற்கல் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கிறது. அதன் மேல் ஆட்டைக் கிடத்தினால் உருண்டு விழும்! சுற்றிலும் கற்குவியல் அணைத்திருந்த கல்லறை அது. இதுபோன்ற பலவற்றை மண்மேடோ கல்மேடோ முழுதாகவே மூடியிருந்தது. மேடு கரைந்த பிறகு எஞ்சிய எலும்புக்கூட்டைத்தான் நாம் மேசை என்கிறோம்.

நம்பிக்கை: மனிதரால் ஆகாத வேலை, அரக்கர் வைத்த கற்கள்.

நம்மூரில் கல்திட்டையைக் குள்ளர் வீடு என்பதுண்டு. ஐரோப்பாவில் எதிர்த் திசையில் போனார்கள். டென்மார்க்கில் அரக்கர் அறை, சார்டினியாவில் அரக்கர் கல்லறை. 1660இல் நெதர்லாந்தின் யோகான் பிகார்ட் என்ற பாதிரியார், அரக்கர்கள் கல் அடுக்குவதைப் படமாகவே போட்டுத் தன் நூலில் வெளியிட்டார். இன்று அரக்கர் இடத்தில் வேற்றுக்கிரகவாசிகள். அதற்குத் தனியாகப் பதில் தேவையில்லை.

1979இல் பிரான்சின் பூகோன் என்ற இடத்தில் ஜான்-பியேர் மோஎன் ஒரு சோதனை நடத்தினார். 32 டன் கான்கிரீட் பாளம், அடியில் உருளைக் கட்டைகள், கயிறு, நெம்புகோல், சுமார் 200 பேர். பாளம் நகர்ந்தது. தேர் இழுத்துப் பழகிய நமக்கு இதில் வியப்பேதும் இருக்காது.

நம்பிக்கை: பெருங்கற்களால் கட்டும் கலை எகிப்திலிருந்து போனது.

ஒரு காலத்தில் பேராசிரியர்களே இப்படித்தான் சொன்னார்கள். கரிமக் காலக்கணிப்பு வந்ததும் கணக்கு தலைகீழானது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது. கீசாவின் பெரிய பிரமிடை விட அறுநூறு ஆண்டுகள் மூத்தது. பிரான்சின் பிரெத்தானியில் தொடக்ககாலக் கல்லறைகள் கி.மு. 4500ஐ ஒட்டியவை.

நம் பக்கத்துக் கேள்வி ஒன்றும் உண்டு. அவர்கள் கற்களும் நம் கற்களும் ஒரே இனத்தார் வைத்தவையா? தமிழகத்துக் கல்திட்டைகளும் கல்வட்டங்களும் இரும்புக் காலத்தவை. போல்னாப்ரோனைக் கட்டியவர்கள் இரும்பைக் கண்டதே இல்லை. வடிவம் ஒத்திருப்பதால் மட்டும் உறவு உண்டாகிவிடாது.

நம்பிக்கை: ஆண்டில் சில நாள் மட்டும் சூரியன் கல்லறைக்குள் வரும்.

இது உண்மை. நியூகிரேஞ்சைச் சுற்றியிருந்த மக்கள் இப்படி ஒரு கதையைச் சொல்லிவந்தார்கள். அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. 1967 டிசம்பர் 21 விடியற்காலையில் உள்ளே போய்க் காத்திருந்தார். வாசலுக்கு மேலே விட்டிருந்த சிறு திறப்பின் வழியாக ஒளிக்கீற்று புகுந்து, 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறையின் தரையைத் தொட்டது. ஊர்க்கதை என்றாலே பொய் என்று எழுதிவிடும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு குட்டு.

ஆனால் அதே நியூகிரேஞ்சின் முகப்பில் பளிச்சென்று நிற்கும் வெள்ளைக்கல் சுவர் 1970களில் நிறுத்தப்பட்டது. கற்கள் பழையவை, அவற்றைத் தாங்கி நிற்பது நம் காலத்துக் கான்கிரீட்.

மறுபடி போல்னாப்ரோன். 1986இல் ஆன் லிஞ்ச் அங்கே அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கலந்து கிடந்தன. ஆண், பெண், குழந்தை என எல்லோரும். ஒருவரின் இடுப்பெலும்பில் கல் அம்புமுனை தைத்திருந்தது. பல நூற்றாண்டுகளாக அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள் இவர்கள்.

2020இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்களில் ஓர் ஆண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததைக் கண்டறிந்தது. இறக்கும்போது வயது ஆறு மாதம் இருக்கலாம். தாய்ப்பால் குடித்து வளர்ந்ததற்கான அடையாளம் எலும்பில் இருக்கிறது. மற்ற எல்லோரோடும் சேர்த்தே அக்குழந்தையையும் வைத்திருந்தார்கள்.