மின்சாரத்திற்கும் முறை வைப்போம்

நெற்பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் டிரான்ஸ்பார்மர் கருகினால், அதைச் சார்ந்த கிணறுகள் அனைத்தும் ஓய்ந்துவிடும். பயிரும் பதராகும். இதற்கு முக்கியக் காரணம் பளு மிகுதியாகும். விவசாயிகள் ஒத்துழைத்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

உச்ச நேரம் என்பது யாது?

நெல்லைக் குதிரில் சேமிப்பது போல் மின்சாரத்தைப் பெருமளவில் சேமிப்பது எளிதன்று. தேவைப்படும் நொடியிலேயே உற்பத்தி செய்தாக வேண்டும். காலை 6 முதல் 10 மணி வரையிலும், மாலை 6 முதல் 10 மணி வரையிலும் வீடுகளும் கடைகளும் ஒருசேர மின்சாரம் கேட்கின்றன. 2024 மே மாதத்தில் தமிழகத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. சூரிய மின்சாரமோ நண்பகலில் மிகுந்து, பொழுது சாய்ந்ததும் நின்றுவிடுகிறது. ஆகவே மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தில், பகல் 10 முதல் 4 மணிக்குள் நீர் இறைப்பது சாலச் சிறந்தது.

டிரான்ஸ்பார்மர் கணக்கு

5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 4.4 கிலோவாட் எடுக்கும். திறன் காரணி 0.75 ஆக இருந்தால், டிரான்ஸ்பார்மர் மீது விழும் பளு 5.9 கே.வி.ஏ. இத்தகைய 12 மோட்டார்கள் ஓடினால் பளு 70-க்கு மேல் ஆகும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இதைத் தாங்காது. மின்னழுத்தம் குறையும், மோட்டார்கள் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறி, காயில் கருகும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பொருத்தினால் பளு 4.8 ஆகக் குறையும். அதே 12 மோட்டார்களும் 58-க்குள் அடங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

1. ஏரிப் பாசனத்தில் முறை வைப்பது போல், ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி மோட்டார் ஓட்டும் நேரத்தைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள்.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கெப்பாசிட்டரை, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள்.

3. நேரடி ஸ்டார்ட்டரில் புறப்படும் மோட்டார் 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் எடுக்கும். தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் புறப்படாதவாறு, கால தாமதக் கருவி வைத்து ஆளுக்குச் சில நிமிடம் இடைவெளி விடுங்கள்.

4. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. கரும்பு, வாழை, தென்னைக்குச் சொட்டுநீர்ப் பாசனம் ஏற்றது.

மின்சாரம் இலவசம்தானே என்று எண்ண வேண்டாம். கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவும், காய்ந்த பயிரின் இழப்பும் நம்முடையவையே. வரும் கோடைக்கு முன்பே அண்டைக் கிணற்றுக்காரர்களுடன் பேசி முறையை வகுத்துக் கொள்ளுங்கள்.