நீலம் பூவில் இல்லை

ஐரோப்பாவின் வோட் செடி நம் கடுகுக்கு ஒன்றுவிட்ட உறவு. மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கடுகு வயல் என்றே நினைப்போம். ஆனால் பல நூற்றாண்டுகள் அந்தக் கண்டத்தின் துணிக்கு நீலம் ஏற்றியது இதுதான்.

பூவிலிருந்துதான் சாயம் வருகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. வோட் இரண்டாண்டுச் செடி. முதலாண்டில் தரையோடு ஒட்டி விரியும் இலையில்தான் சரக்கு. பூக்கும்வரை காத்திருந்தவருக்கு விதைதான் மிச்சம். இலையைக் கசக்கிப் பாருங்கள், நீலம் வராது. சாயத்தின் மூலப்பொருள் நிறமற்று உள்ளே ஒளிந்திருக்கிறது. இலையைப் பிய்த்து வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சலவைச் சோடா போட்டு, மோர் கடைவதுபோல் கடைய வேண்டும். காற்றுப் பட்டால்தான் நீலம் பிறக்கும்; பிறகு வண்டலாக அடியில் தங்கும்.

அவுரி நீலம் உசத்தி, வோட் நீலம் மட்டம் என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான்: இண்டிகோட்டின். திண்டிவனம் பக்கத்து அவுரித் தொட்டியில் தங்குவதும் அதுவே. அவுரி இலையில் அது கூடுதல், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் ஐரோப்பாவை ஆட்டிவைத்தது. வோட் விற்ற காசில் துலூஸ் நகர வணிகர்கள் மாளிகை கட்டினார்கள். பியர் தஸ்ஸேஸா 1555இல் கட்டத் தொடங்கியது இன்றும் நிற்கிறது. கப்பலில் இந்திய நீலம் வந்து இறங்கியதும் அதைப் பிசாசின் சாயம் என்று தூற்றினார்கள். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1609இல் அதைப் பயன்படுத்துவோருக்கு மரண தண்டனையே விதித்தார். சாயத் தொட்டிக்குத் தூக்குக் கயிறு!

பண்டைப் பிரித்தானியர் வோட் பூசிப் போருக்குப் போன கதைக்கு மூலம் ஜூலியஸ் சீசர். அவர் எழுதிய ‘விட்ரும்’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கண்ணாடி என்றும் பொருள் உண்டு. அது வோட்தான் என்று அறுதியிட முடியாது. 1995இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ படத்தில் நீல முகத்தோடு வரும் ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸோ, சீசருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு பிந்தியவர்.

காட்டுச் செடிதானே, எங்கே தூவினால் என்ன என்றும் கேட்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேட்டுவிடாதீர்கள். மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டதால் அங்கே சட்டப்படி இது களை. விதை கறுக்கும் முன் வேரோடு பிடுங்கு என்பதுதான் அவர்களுடைய சாகுபடிக் குறிப்பு.