குதிரை வாங்கப் போற தம்பிக்கு

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியாவில் சவாரிக் குதிரைக்குக் கிராக்கி வந்துவிடும். கிரகரி வாவிக் கரையிலும் ரேஸ் கோர்ஸ் பக்கமும் நிற்கிறவற்றில் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளும் உண்டு. நீயும் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தால், பளபளப்பில் மயங்காதே தம்பி. முதலில் காலைப் பார்.

சமதரையில் நிறுத்தச் சொல். மேடுபள்ளத்தில் நின்றால் கோணல் தெரியாது. நேர் முன்னால் நின்று, தோளிலிருந்து ஒரு நூல் தொங்குவதாக நினைத்துக்கொள். அது முழங்கால், கணுக்கால், குளம்பு மூன்றின் நடுவாலும் இறங்க வேணும். குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், நடக்கும்போது கால் உட்பக்கமாக வீசி மற்றக் காலில் உரசும். கணுக்காலின் உட்புறத்தை விரலால் தடவிப் பார். மயிர் தேய்ந்து, தோல் தடித்து, பழைய தழும்பு தட்டுப்பட்டால் அந்தக் கோணல் ஏற்கனவே தொல்லை கொடுக்கத் தொடங்கிவிட்டது. காலைத் தூக்கி லாடத்தையும் பார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாரம் சரியாக இறங்கவில்லை.

அடுத்து பக்கவாட்டில் நின்று பார். முன்முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். குதிரையின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். இறக்கத்தில் இன்னும் கூடும். அப்படி வளைந்த முழங்காலில் முன்பக்க எலும்புகள் நசுங்கும், பின்பக்கத் தசைநார் இழுபடும். கொஞ்சம் முன்னோக்கி வளைந்திருந்தால் அவ்வளவு கவலையில்லை. குளம்புக்கு மேலுள்ள பகுதி செங்குத்தாக நின்றால், தார் ரோட்டில் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேரே மூட்டுக்கு ஏறும். பின்னங்காலின் நடுமூட்டு அரிவாளாய் வளைந்திருந்தால் ஏற்றத்தில் அந்த மூட்டுக்குத்தான் கஷ்டம். உதட்டையும் விலக்கிப் பார். மேல்வரிசைப் பல் மிகவும் முன்தள்ளியிருந்தால் புல்லைக் கடித்து மேய்வது சிரமம்.

மிருக வைத்தியர் வரும்போது நீயும் கூட நில். "நல்ல குதிரையா?" என்று மட்டும் கேட்காதே. "ஆட்களை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டிலும் ஏற்ற இறக்கத்திலும் நாளெல்லாம் நடக்க வேணும்" என்று வேலையை விவரமாகச் சொல். ஒரே கோணல் ஒரு வேலைக்குத் தாங்கும், இன்னொன்றுக்குத் தாங்காது. அதைக் கணிப்பதுதான் அவருடைய வேலை. கெட்டித் தரையில் நடக்கவிட்டு, ஓடவிட்டு, காலைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து விட்டதும் மறுபடி ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார். சந்தேகப்பட்ட மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் செலவைப் பார்க்காதே. நோவு மருந்து கொடுத்து நொண்டலை மறைக்கலாம். அதனால் இரத்தமும் எடுத்து வைக்கச் சொல். மேலும் ஆலோசனை வேணுமென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் விசாரி.

வயதையும் சேர்த்து யோசி. கால் கொஞ்சம் கோணலானாலும் 12 வயது வரை இதே வேலையைச் செய்து, வீக்கமோ நொண்டலோ இல்லாமல் நிற்கிற குதிரையை நான் நம்புவேன். அதே கோணலோடு வேலையே செய்யாத 3 வயதுக் குட்டி என்றால் யோசிப்பேன்.

வாங்கினபிறகு பாரத்தில் கவனம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 300 கிலோக் குதிரைக்கு அது 60 கிலோ. காலில் குறை உள்ளதென்றால் இன்னும் குறை. பெரியவர்களை ஏற்றாமல் சின்னப் பிள்ளைகளை மட்டும் ஏற்று.