75 லட்சமும் 20 ஆயிரமும்

அன்புள்ள தம்பிக்கு,

சென்னை மேடவாக்கம் ஃபிளாட்டைப் பற்றி நீ அனுப்பிய எக்செல் தாளைப் பார்த்தேன். விலை 75 லட்சம், வாடகை 20,000. அடியில், "வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும் இல்லையா, சார்?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டாது. 60 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 52,000. முதல் மாத வட்டி மட்டுமே 42,500. உன் வாடகை அந்த வட்டியில் பாதிக்குக்கூட வரவில்லை.

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, யூடிஎஸ் என்கிற மனையின் பிரிக்கப்படாத பங்கு எல்லாம் உனக்கே தெரியும். எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். அமெரிக்க வீடியோக்களில் வரும் 'ஒரு சதவீத விதி'யைத் தாளின் தலையில் போட்டிருக்கிறாய். விலையில் நூற்றில் ஒரு பங்கு மாத வாடகையாக வரவேண்டும் என்கிற விதி அது. அதன்படி இந்த வீட்டுக்கு 75,000 வரவேண்டும். மேடவாக்கத்தில் அந்த வீட்டுக்கு அதை யார் தருவார்? விதி பொருந்தவில்லை என்றதும், விலை வருடம் பத்து சதவீதம் ஏறும் என்று ஒரு வரியைச் சேர்த்துக் கணக்கை நேராக்கியிருக்கிறாய். அப்படி நேராக்கிய கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதே.

பொருளியல் அறிஞர் ரிக்கார்டோவை நான் இன்றும் எடுத்துப் படிக்கிறேன். லண்டன் பங்குச் சந்தையில் பெரும் பணம் சேர்த்தவர், 1814இல் கிராமத்தில் பெரிய பண்ணை மாளிகை வாங்கி நில உடைமையாளரானவர். 1817இல் வெளிவந்த அவருடைய நூலில், குத்தகை கூடுவதால் தானிய விலை ஏறுவதில்லை, தானிய விலை ஏறுவதால்தான் குத்தகை கூடுகிறது என்று வாதிடுகிறார். வீட்டுக்கும் இந்த வரிசையை மறக்கக்கூடாது. நீ 75 லட்சம் கொடுத்தாய் என்பதற்காகக் குடிவருபவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டார். அவருடைய சம்பளமும், வேலைக்குப் போகும் தூரமும், குழாயில் தண்ணீர் வருகிறதா லாரியில் வருகிறதா என்பதும்தான் வாடகையை முடிவுசெய்கின்றன. ஆகவே வாடகையை முதலில் கேள். விலையை அதிலிருந்து நீயே போட்டுப் பார்.

நம் மாநிலச் சட்டம் எதிர்த் திசையில், மதிப்பிலிருந்து வாடகையைக் கணக்கிட்டது; ஆனாலும் அது வைத்த விகிதத்தைப் பார். 2019இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியிருப்புக்கு நியாய வாடகை என்று வைத்திருந்தது, கட்டடமும் மனையும் சேர்ந்த மதிப்பில் வருடத்துக்கு 9 சதவீதம். வீட்டுக்காரர் கையைக் கட்ட வந்த சட்டமே ஒன்பதை நியாயம் என்றது. உன் ஃபிளாட் தருவது 3.2.

அந்த 3.2உம் முழுதாகக் கைக்கு வராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது சதவீதம் சேர்த்தால், சில்லறைச் செலவோடு உன் முதல் 82 லட்சம். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வை. ஆனி கடைசியில் ஒருவர் காலிசெய்தால் ஆடியில் யாரும் பால் காய்ச்ச வரமாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. பிள்ளைகள் பள்ளி மாறும் சித்திரை, வைகாசியில் ஒப்பந்தம் முடியும்படி வைத்துக்கொள்பவர் பிழைப்பார். சொத்து வரி, பெயின்ட், பிளம்பர், புரோக்கர் எல்லாம் போக வருடத்துக்கு 1,80,000 நின்றால் நல்லது. அது 2.2 சதவீதம். வருமான வரியில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு என்பாய். அது வரியைக் குறைக்கும், வாடகையைக் கூட்டாது.

ஆறு சதவீதமாவது வேண்டும் என்றால், 1,80,000 தரும் வீட்டுக்கு நீ கொடுக்கத் தக்கது 30 லட்சம். மீதி 52 லட்சத்தை விலை ஏறும் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கிறாய். கொடுக்கலாம், தெரிந்து கொடு.

இனி, என் மாணவர்கள் ஒருவரும் கவனிக்காத விஷயம்: ஒத்தி. சென்னையில் லீஸ் என்பார்கள். வீட்டுக்காரர் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொள்வார், குடிவருபவர் வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பார், காலிசெய்யும்போது முழுத்தொகையும் திரும்பும். ஒரு தெருவின் நிலைமையை இதைவிட நேர்மையாகச் சொல்லும் எண் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 20,000 வாடகை வரும் வீட்டை ஒருவர் 15 லட்சத்துக்கு ஒத்திக்கு விடுகிறார் என்று வை. வருடம் 2,40,000 வாடகையை விட்டுக்கொடுத்து 15 லட்சத்தைப் பெறுகிறார். அதாவது 16 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வீட்டுக் கடன் எட்டரைக்குக் கிடைக்கும்போது ஒருவர் ஏன் பதினாறு கொடுக்கிறார்? வங்கி அவருக்குத் தரவில்லை, அல்லது அந்த வீட்டின் பேரில் தரவில்லை. இரண்டாவதுதான் காரணம் என்றால், அந்தக் குறை நீ வாங்கியபின் உன்னுடையது. ஒரே அடுக்ககத்தில் பல வீடுகள் ஒத்தியில் இருந்தால், காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதே.

இன்னொரு ஆபத்து. இந்த ஒத்திகளில் பல, முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தோடு நின்றுவிடும்; பதிவாகாது. பதிவாகாதது வில்லங்கச் சான்றில் வராது. நீ முழு விலையும் கொடுத்து வாங்கியபின், உள்ளே இருப்பவர் தன் 15 லட்சத்தைக் கேட்டு உட்கார்ந்துவிடுவார். ஆகவே குடியிருப்பவரை நேரில் பார்க்காமல் விலை பேசாதே. விற்பவர் பக்கத்தில் இல்லாதபோது பேசு. என்ன கொடுத்திருக்கிறார், எப்போது கொடுத்தார், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, கோடையில் லாரிக்கு எவ்வளவு ஆகிறது என்று கேள்.

அந்த ஃபிளாட் இருக்கும் அடுக்ககத்தில் மூன்று வீடுகளின் வாடகையையும், ஒத்தித் தொகையையும் எழுதி அனுப்பு. புரோக்கர் சொல்வதை எழுதாதே. தெருமுனையில் இஸ்திரி போடுபவரையும் வாட்ச்மேனையும் கேட்டு எழுது. விலையேற்ற வரியை அழித்துவிட்டுத் தாளை அனுப்பினால் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்