மூன்று பக்க ரெஸ்யூமும் மிளகுக் கணக்கும்

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் கொல்லிமலை. அங்கே செம்மேட்டு ஜெராக்ஸ் கடையொன்றில், கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கும் பெண் தன் ரெஸ்யூமை என்னிடம் நீட்டினாள். மூன்று பக்கம். "இன்னும் ரெண்டு பக்கம் சேர்க்கட்டுமா சார்?"

நம்பிக்கை: பக்கம் கூடினால் மதிப்பு கூடும்.

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் தாராளம். ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பார்வைக்குக் கிடைத்தது சராசரியாக 7.4 விநாடிதான். மலைப் பஸ் ஒரு வளைவைத் திரும்பி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை எல்லாம் இருக்க வேண்டும்.

அதெல்லாம் கல்யாணத் தரகருக்கு. அரசு வேலை விண்ணப்பத்தில் சாதிக்கென்று தனிக் கட்டம் உண்டு, சான்றிதழும் கேட்பார்கள். அங்கே எழுதியே ஆக வேண்டும். தனியார் கம்பெனிக்கு நாமாக எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. முடிவு 2007-இல் வெளியானது. பெயர் ஒன்றே இவ்வளவு செய்கிறது. நாம் கட்டம் போட்டு வேறு காட்ட வேண்டுமா?

நம்பிக்கை: மனிதர் பார்க்கும் முன்பே மெஷின் குப்பையில் போட்டுவிடும்.

பாதி உண்மை. ஏ.டி.எஸ். எனப்படும் மென்பொருள் பெரும்பாலும் விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் அலமாரிதான்; சொல்லைக் கொடுத்துத் தேடுவது மனிதர். தானாகக் கழிப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் நாம் சொல்லும் பதில்களை வைத்து: எந்த வருடம் முடித்தீர்கள், அரியர் உண்டா என்பது போல. மெஷின் தடுமாறுவது அலங்காரத்தில். பி.டி.எஃப்.பில் உள்ளதை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் வரிசையாக வந்தால் சரி. அந்தப் பெண்ணுடையதில் போன் நம்பருக்கு நடுவே பத்தாம் வகுப்பு மார்க் வந்து உட்கார்ந்தது. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்ததன் வினை. கூடவே 'பைத்தான் 80%' என்று ஒரு பட்டை. எதில் எண்பது? அவளுக்கும் தெரியவில்லை.

நம்பிக்கை: காலேஜ் புராஜெக்ட்தான் புராஜெக்ட், வீட்டுக்குச் செய்தது கணக்கில் வராது.

அவள் எழுதியிருந்தது நூலக மேலாண்மை மென்பொருள். ஊரில் பாதிக் காலேஜில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். பேச்சுவாக்கில் இன்னொன்று வெளியே வந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகைப் பறித்து, யார் எத்தனை கிலோ பச்சையாகப் போட்டார்கள், காய்ந்து எவ்வளவு தேறியது என்று மாமா நோட்டில் எழுதுவார். மூன்று கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. சண்டையே அந்த இடைவெளியில்தான். அந்தக் கணக்குக்கு இவள் போனில் ஒரு செயலி செய்திருக்கிறாள். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. அதனால் எடையைப் போன் தன்னிடமே வைத்துக்கொண்டு, செம்மேடு வந்து சிக்னல் கிடைத்ததும் அனுப்பும்.

"இதை ஏம்மா போடல?"

"அது சும்மா மாமாவுக்குச் செஞ்சது சார்."

ஒரே மூட்டையை இரண்டு போனில் இரண்டு எடையாகப் பதிந்தால் எதை ஏற்பாய் என்று கேட்டேன். பத்து நிமிடம் விளக்கினாள். இன்டர்வியூவில் கேட்க நினைப்பது இதைத்தான். நூலகப் புராஜெக்டை அடித்துவிட்டு எழுதினோம்: 'இணையம் இல்லாத இடத்தில் மிளகு எடையைப் பதிந்து, பிறகு சர்வரில் சேர்க்கும் ஆண்ட்ராய்டு செயலி, ஒரு பருவம் முழுக்கப் பதினொரு குடும்பங்கள் பயன்படுத்தின.'

கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்துக் கோடும் மிஞ்சின.

"இதையாவது அப்படியே விட்டுடலாமா சார்?"

அந்த இடத்தில் அவளுடைய கிட்ஹப் முகவரியைப் போட்டோம்.