வாயைப் பூட்டும் தழும்பு: ஃபைப்ரோஸிஸ் பற்றி ஓர் ஆரோக்கியப் பாடம்



காயம் ஆறிய இடத்தில் தழும்பு உண்டாவதை நாம் எல்லாரும் அறிவோம். தழும்பு நன்மைக்கானது. காயம்பட்ட இடத்தில் சில செல்கள் கூடி, கொல்லாஜன் என்னும் நாரை உண்டாக்கி, பிளந்த இடத்தை இணைக்கின்றன. வேலை முடிந்ததும் அவை ஓய்ந்துவிடும். மிஞ்சிய நாரைச் சரீரமே கரைத்துவிடும். ஆனால் அதே இடம் ஓயாமல் புண்பட்டுக்கொண்டே இருந்தால், நார் உண்டாவதும் ஓயாது. மிருதுவாயிருந்த உறுப்பு நார் நிறைந்து, விறைத்து, தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. இதையே மருத்துவர்கள் ஃபைப்ரோஸிஸ் என்கிறார்கள்.

மதுவினாலும் ஹெபடைடிஸ் கிருமிகளாலும் இது கல்லீரலில் உண்டாகி, முற்றும்போது சிரோஸிஸ் ஆகிறது. கல் உடைக்கும் தூசியைப் பல வருஷம் சுவாசிப்போருக்கு நுரையீரலில் உண்டாகிறது. இவை உள்ளே மறைவாக நடப்பவை. கண்ணால் பார்த்தே கண்டுகொள்ளக்கூடிய ஃபைப்ரோஸிஸ் ஒன்றும் உண்டு. அது வாயில் வருவது. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது. அதற்கு முக்கிய காரணம் பாக்கு.

பாக்கு செய்யும் கேடு

பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள், நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அதன் துவர்ப்புச் சத்தும் அதிலுள்ள செம்பும், உண்டான நாரைக் கரையவிடாமல் இறுக்குகின்றன. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறுபோல் நார்ப்பட்டைகள் தோன்றுகின்றன. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வசித்த 5 இந்தியப் பெண்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார்.

"நாங்கள் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதானே" என்று சொல்வோர் பலர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று அறிவித்தது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டு காலம் கவனித்துவந்தபோது, 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. பொட்டலத்தில் விற்கும் பான் மசாலாவில் வெற்றிலை இல்லை. உலர்ந்த பாக்கே மிகுதி. அதைப் போடும் வாலிபருக்கு மிகச் சில வருஷங்களிலேயே இந்நோய் வந்துவிடுகிறது.

அறிகுறிகள்

முதலில் காரமான குழம்பு பட்டால் வாய் எரியும். பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுக்கும். நாக்கை நீட்ட முடியாது. முற்றிய நிலையில் சோற்று உருண்டையும் உள்ளே போகாது. பல் வைத்தியம் செய்யவும் இடமிராது. வேறொரு வியாதிக்காக ஆபரேஷன் செய்யவேண்டி வந்தால், மயக்க மருந்துக்குக் குழாய் செலுத்துவதும் சிரமமாகும்.

இப்பொழுதே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் வையுங்கள். மூன்றும் நுழையாவிட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்யவேண்டியது

பாக்கை முற்றிலும் விடுவதே முதல் சிகிச்சை. வாயைத் திறக்கும் பயிற்சியும் ஊசி மருந்தும் பலருக்கு உதவும். முற்றியவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும். உண்டான தழும்பு முழுவதும் மறைவது அரிது. ஆகிலும் ஆரம்பத்தில் விட்டவர்களுக்கு நோய் மேலும் முற்றாமல் தடுக்க வழியுண்டு. விட்ட பின்பும் புற்றுநோய் வராதபடி வாயை அவ்வப்போது பரிசோதித்து வரவேண்டும்.

வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கும் நாங்கள் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பாக்குப் போடுவோரை நிந்திக்காதிருங்கள். வயலிலும் சூளையிலும் உழைப்போர் பசியையும் களைப்பையும் அடக்கவே அதைத் தொடங்குகிறார்கள். பின்பு விட முடியாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அன்பான புத்திமதியும், உடன் நிற்கும் ஒரு துணையும்.

நம்மால் இன்றே ஆகக்கூடிய காரியமும் உண்டு. நிச்சயதாம்பூலத் தட்டிலும் கலியாணப் பந்தியின் முடிவிலும் பாக்கை நீட்டுவது நம் வீட்டார்தானே? அந்தத் தட்டில் பழமும் கற்கண்டும் இருக்கட்டும். பிள்ளைகள் முதன்முதலில் பாக்கை ருசி பார்ப்பது நம் வீட்டு விசேஷத்தில் என்று இராதபடி பார்த்துக்கொள்வோம்.